மருத்துவக் கஞ்சாப் பயிரில் இயற்கைப் பூச்சிக் கட்டுப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் மருத்துவக் கஞ்சா உரிமம் பெற்று வளர்க்கப்படும் பயிர். ஒன்டாரியோ மாகாணத்து லீமிங்டன் பக்கம் தக்காளியும் குடமிளகாயும் வெள்ளரியும் விளையும் கண்ணாடிக் குடில்களில் சில இந்தப் பயிருக்கு மாறின. வேளாண்மை படித்துவிட்டு அங்கே குடில் வேலைக்குப் போக நினைப்பவர்களும், இங்கே பாலிஹவுஸ் வைத்துக்கொண்டு "அவர்கள் மருந்தே அடிக்காமல் எப்படிச் சமாளிக்கிறார்கள்?" என்று கேட்பவர்களும் படிப்பதற்காக இது. கூறுவதெல்லாம் கனடா நிலவரம். வேறு நாட்டைப் பற்றிப் பேசும் இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

இதைத் தமிழ்நாட்டில் வளர்க்கலாமா?

கூடாது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 20-ஆம் பிரிவின்படி, கஞ்சா பயிரிட்டால் 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஒரு செடிதானே, மருந்துக்குத்தானே என்ற சமாதானம் எடுபடாது. நாருக்கும் விதைக்கும் தோட்டக்கலைக்கும் பயிரிட அரசு அனுமதி தரலாம் என்று அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வழியில் 2018-இல் உரிமம் கொடுக்கத் தொடங்கியது உத்தரகண்ட். கனடாவில் நோயாளிகளுக்கான அனுமதி 2001-இல் வந்தது. எல்லா வயது வந்தோருக்குமான கஞ்சா சட்டம் 2018 அக்டோபர் 17 முதல் நடைமுறையில் இருக்கிறது.

தக்காளிக்கு அடிக்கும் மருந்தை இதற்கும் அடித்தால் என்ன?

தக்காளியைக் கழுவிச் சாப்பிடுகிறோம். இந்தப் பூவை யாரும் கழுவுவதில்லை. அறுத்து, காயவைத்து, அப்படியே சூடாக்கி ஆவியாகவோ புகையாகவோ நுரையீரலுக்குள் இழுக்கிறார்கள். பூ முழுக்கப் பிசின் சுரக்கும் மயிர்கள் இருப்பதால் தெளித்தது எதுவானாலும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

இதற்குக் கனடாவே பாடம் படித்தது. திராட்சையில் சாம்பல் நோய்க்கு அடிக்கும் மைக்ளோபியூட்டனில் என்ற பூஞ்சணக்கொல்லி, உரிமம் பெற்ற சில நிறுவனங்களின் சரக்கில் இருந்தது 2016 கடைசியிலும் 2017 தொடக்கத்திலும் தெரியவந்தது. திராட்சையோடு வயிற்றுக்குள் போனால் ஒரு கணக்கு. அதையே கொளுத்தினால் ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். வாங்கியவர்களில் வலிக்கும் வலிப்புக்கும் மருந்தாக எடுத்த நோயாளிகளும் உண்டு. சரக்குகள் திரும்பப் பெறப்பட்டன, வழக்குகள் நடந்தன. அதன்பின் 2019 ஜனவரி 2 முதல் 96 பூச்சிக்கொல்லி வேதிப்பொருள்களுக்குக் கட்டாயப் பரிசோதனை வந்தது. இந்தப் பயிருக்கெனப் பதிவான தயாரிப்புகளை மட்டுமே தெளிக்கலாம். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் நுண்ணுயிர்களும் சோப்பும் எண்ணெயும்தான். ஆக, இங்கே இயற்கை முறை என்பது கொள்கைப் பிடிப்பால் வந்ததல்ல. வேறு வழி இல்லாததால் வந்தது. அதனாலேயே ஒழுங்காகவும் நடக்கிறது என்பது என் கணிப்பு.

இயற்கையான பொருள் என்றால் பயமில்லாமல் தெளிக்கலாம்தானே?

இல்லை. பைரெத்ரின் ஒருவகைச் சாமந்திப் பூவிலிருந்து எடுப்பது. ஸ்பைனோசாட் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா தருவது. இரண்டையும் இயற்கை வேளாண்மைக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கனடாவிலும் அமெரிக்காவின் கலிபோர்னியா, ஓரிகன் மாநிலங்களிலும் கஞ்சாவில் இவற்றின் எச்சம் அளக்கப்படுகிறது, வரம்பு தாண்டினால் சரக்கு தேறாது.

வேப்பெண்ணெய்?

நம் ஆட்கள் முதலில் கேட்பது இதைத்தான். கனடாவில் இந்தப் பயிருக்குப் பூச்சிக்கொல்லியாக வேப்பெண்ணெய்க்குப் பதிவு இல்லை, அதனால் உரிமம் பெற்ற குடிலில் பேச்சுக்கே இடமில்லை. கலிபோர்னியாவில் அனுமதி உண்டு. அங்கேயும் விவரமானவர்கள் இலைப் பருவத்தோடு நிறுத்திவிடுவார்கள். பூவில் பட்டால் வாசம் போகாது, பிசினோடு எண்ணெயும் சேர்ந்துவிடும். கஞ்சாவை நெடுநாள் அதிகம் பயன்படுத்துபவர்களுக்கு வரும் கடும் வாந்தி நோய்க்கு வேப்பெண்ணெய்தான் காரணம் என்று இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது.

பஞ்சகவ்யம், மீன் அமிலம், சாணக் கரைசல்?

நெல்லுக்கும் வாழைக்கும் கொடுங்கள், நானும் ஆதரவு. இந்தப் பூவின் மேல் மட்டும் வேண்டாம். காய்ந்த பூவில் எத்தனை பாக்டீரியா, எத்தனை பூஞ்சணம் என்று எண்ணிப் பார்த்துத்தான் சந்தைக்கு விடுகிறார்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் இதை மூச்சில் இழுக்கிறார்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சண வித்து அவர்கள் நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. நொதித்த கரைசலைத் தெளிப்பது அந்த எண்ணிக்கையை நாமே கூட்டுவதாகும்.

இதே காரணத்தால் பவேரியா, டிரைக்கோடெர்மா போன்ற நல்ல பூஞ்சணங்களுக்கும் தேதி பார்க்க வேண்டியிருக்கிறது. பரிசோதனைத் தட்டில் வளர்ந்து நிற்கும் பூஞ்சணம் நல்லதா கெட்டதா என்று மொத்த எண்ணிக்கை பிரித்துப் பார்க்காது. அறுவடை நெருங்கும்போது பவேரியா தெளித்தால், பூச்சி செத்திருக்கும், சரக்கும் தேறாமல் போயிருக்கும்.

செஞ்சிலந்திக்கு என்ன வழி?

கண்ணாடிக் குடிலின் பழைய எதிரி இதுதான். ரோஜா, வெள்ளரி, கத்தரி எதையும் விடாத, இலைச்சாறு உறிஞ்சும் மிகச்சிறிய இருபுள்ளிச் சிலந்தி (வீட்டில் வலை பின்னும் சிலந்தி அல்ல). சூடும் வறட்சியும் சேர்ந்தால் முட்டையிலிருந்து முட்டையிடும் பருவத்துக்கு ஒரு வாரம், பத்து நாளில் வந்துவிடும். இலையின் மேற்பக்கம் ஊசி குத்தியது போல வெளுத்த புள்ளிகள் தெரியும்போதே அடியில் கூட்டம் கூடியிருக்கும். நூலாம்படை தெரிந்தால் தாமதம் என்று அர்த்தம்.

இதற்கு எதிராக விடுவது இன்னொரு சிலந்தியை: ஃபைட்டோசியூலஸ் பெர்சிமிலிஸ். ஆரஞ்சு நிறம், ஓட்டமாக ஓடும். செஞ்சிலந்திக் குடும்பத்தைத் தவிர வேறெதையும் தின்னாது. இது 1958-இல் சிலி நாட்டிலிருந்து வந்த ஆர்க்கிட் செடிகளோடு தற்செயலாக ஜெர்மனிக்குள் நுழைந்தது. மருந்துக்கெல்லாம் மசியாத செஞ்சிலந்தியை இது தின்று தீர்ப்பதைப் பார்த்த யான் காப்பர்ட் என்ற நெதர்லாந்து வெள்ளரி விவசாயி, 1967-இல் இதை வளர்த்து மற்றவர்களுக்கும் விற்கத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க நன்மை செய்யும் பூச்சிகளை அனுப்பும் நிறுவனம் அப்படிப் பிறந்ததுதான்.

இரை தீர்ந்தால் இதுவும் பட்டினியில் செத்துவிடும். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் முட்டை சரியாகப் பொரிக்காது. அதனால் சிலந்தியைக் கண்ட இடத்தில், கண்ட அன்றே விட வேண்டும். வறண்ட அறையில் நியோசியூலஸ் கலிஃபோர்னிகஸ் என்ற இன்னொரு வகை தாக்குப்பிடிக்கும். அது மெதுவாகத் தின்னும், ஆனால் வேறு தீனி தின்றும் பிழைத்துக்கொள்ளும் என்பதால் சிலந்தி வருவதற்கு முன்பே விட்டுவைக்கலாம். என்னிடம் ஒன்றைத்தான் தேர்வு செய்யச் சொன்னால், முன்கூட்டி விடும் கலிஃபோர்னிகஸைச் சொல்வேன். தீ பிடித்தபின் பெர்சிமிலிஸ்.

இலை விளிம்பு மேல்நோக்கிச் சுருள்கிறது. லென்ஸில் ஒன்றும் தெரியவில்லையே?

சாதாரண 10 மடங்கு லென்ஸை வைத்துவிட்டு, இன்னும் பெரிதாகக் காட்டும் கருவியை எடுங்கள். கஞ்சாத் துருச்சிலந்தியாக இருக்கலாம். நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு, நான்கே கால்கள், வெளிர் மஞ்சளில் கூம்பு மாதிரி உடம்பு. சத்துக்குறை, வெப்பத் தாக்கம் என்று நினைத்து உரத்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் அது தண்டேறிப் பூவுக்குள் போய்விடும்.

எந்த இரைவிழுங்கியும் இதை முழுதாக ஒழித்துத் தருவதில்லை, குறைத்துத் தரும், அவ்வளவே. இலைப் பருவத்தில் கந்தகம் வேலை செய்யும். ஆனால் கந்தகம் நல்ல சிலந்திகளையும் கொல்லும். எண்ணெய் தெளித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் பட்டால் இலை கருகும். பூத்த செடியில் கண்டால் பிடுங்கிப் பையில் கட்டி வெளியே எடுத்துவிடுவதே மலிவு. இது பெரும்பாலும் வாங்கிய கன்றோடுதான் உள்ளே வருகிறது, அதனால் காவல் போட வேண்டிய இடமும் வாசல்தான்.

வாசலில் என்ன காவல்?

கஞ்சாவை விதையிலிருந்து எடுப்பது குறைவு. ஒரு தாய்ச்செடியிலிருந்து நுனிக்குச்சிகளை வெட்டி வேர்விடச் செய்கிறார்கள். தாயிடம் ஒரு சிலந்தி இருந்தால் பிள்ளைகள் எல்லாவற்றிலும் இருக்கும். எனவே வெளியிலிருந்து வந்த கன்றுக்குத் தனியறையில் இரண்டு மூன்று வாரம் தனிமை. குச்சிகளைப் பதிவான சோப்பு அல்லது எண்ணெய்க் கரைசலில் முக்கி எடுத்து நடுவதும் உண்டு. வெட்டும் கத்தியைச் செடிக்குச் செடி கிருமிநீக்கம் செய்ய வேண்டும். செடியைக் குட்டையாக்கிப் பிசினைக் குறைக்கும் ஹாப் வைராய்டு (வைரஸை விடச் சிறிய நோய்க்கிருமி) பெரும்பாலும் கத்தி வழியாகத்தான் பரவுகிறது, அதற்கு எந்தப் பூச்சியை விட்டும் பயனில்லை. வேலையாட்கள் காலையில் சுத்தமான அறையில் தொடங்கி, பூச்சி கண்ட அறைக்குக் கடைசியில் போக வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் கைவைத்துவிட்டு அதே சட்டையோடு வருபவர்தான் பல குடில்களில் முதல் அசுவினியைக் கொண்டுவருபவர்.

இலைப்பேனுக்குத் தொங்கவிடும் அந்தக் காகிதப் பொட்டலம் என்ன?

உள்ளே தவிடு, தவிட்டில் வாழும் தீனிச் சிலந்தி, அதைத் தின்று பெருகும் குக்குமெரிஸ் என்ற இரைவிழுங்கிச் சிலந்தி. சிறு துளை வழியாக நான்கு முதல் ஆறு வாரம் வரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி இலைப்பேனின் இளங்குஞ்சுகளைத் தின்னும். வளர்ந்த பேனை அது தொடாது. அதனால் நட்ட உடனே தொங்கவிட்டால்தான் பலன். வெயில் நேராகப் படும் இடத்தில் கட்டினால் பொட்டலம் காய்ந்து உள்ளேயே எல்லாம் சாகும். இலை நிழலில் கட்டுங்கள்.

எல்லாம் விட்டோம். பூக்கத் தொடங்கியதும் நல்ல பூச்சிகள் சோர்ந்துபோகின்றனவே?

இந்தப் பயிரைத் தக்காளி மாதிரி நடத்த முடியாது என்பது இங்கேதான் புரியும். இலைப் பருவத்தில் ஒரு நாளைக்கு 18 மணி நேரம் வெளிச்சம் தருகிறார்கள். பூக்கவைக்க 12 மணி நேரமாகக் குறைக்கிறார்கள். செடிக்கு அது பூக்கும் பருவம். சில பூச்சிகளுக்கோ அது குளிர்காலம் வந்துவிட்டது என்ற சேதி. அசுவினியைத் தின்னும் ஆஃபிடோலெட்டஸ் ஈயின் புழு, குறுகிய பகலைக் கண்டதும் மண்ணில் இறங்கி உறங்கிவிடும். இலைப்பேனைத் தின்னும் ஓரியஸ் பூச்சிக்கும் அந்தச் சுபாவம் உண்டு. விலை கொடுத்து வாங்கித் தூங்கவைப்பதில் என்ன லாபம்? பூக்கும் அறைக்குப் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத வகைகளையே கேட்டு வாங்க வேண்டும். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுக்களை அசுவினி மேல் விடுவது ஒரு வழி.

இரண்டாவது சிக்கல், பிசின். பூ முற்ற முற்ற அதன்மேல் ஊர்வதே இந்தச் சிறு உயிர்களுக்குச் சேற்றில் நடப்பதுபோல் ஆகிறது.

மூன்றாவது பலர் யோசிக்காதது. மருந்துக்கு வளர்ப்பவை பெண் செடிகள் மட்டும். ஆண் செடி நுழைந்தால் பூ விதை கட்டிவிடும் என்று விரட்டிவிடுகிறார்கள். அப்படியானால் அறையில் மகரந்தமே இல்லை. குடமிளகாய்க் குடிலில் இரை இல்லாத நாளில் மகரந்தம் தின்று பிழைக்கும் நல்ல சிலந்திகள் இங்கே பட்டினி. இதற்காகக் குளத்தோரம் வளரும் சம்பு இனத்தின் மகரந்தத்தைத் தூவி ஊட்டுகிறார்கள், அது கடையில் கிடைக்கிறது. சிலர் அலங்கார மிளகாய்ச் செடிகளை நடுவில் வைத்து அதன் பூவில் ஓரியஸைக் குடியிருக்கச் செய்கிறார்கள்.

பொறிவண்டு வாங்கி விடலாமா?

பார்க்க அழகு. வட அமெரிக்காவில் விற்கப்படும் பொறிவண்டுகளில் பெரும்பகுதி கலிபோர்னியா மலைகளில் குளிருக்கு ஒடுங்கிக் கிடப்பவற்றை அள்ளி வந்தவை. திறந்துவிட்டால் பறந்துபோகத்தான் பார்க்கும், கூடவே தன் நோய்களையும் ஒட்டுண்ணிகளையும் கொண்டுவரும். காயவைத்த பூவுக்குள் செத்த வண்டு கிடந்தால் வாங்கியவர் படம் எடுத்துப் போடுவார். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

தொட்டியைச் சுற்றிக் கறுப்புக் கொசு மாதிரி பறக்கிறதே?

பூஞ்சண ஈ. தண்ணீர் அதிகமாகிறது என்று முதலில் சொல்கிறது. மேல்மண் காய விடுங்கள். அடுத்து ஸ்டைனர்நீமா ஃபெல்டியே என்ற நூற்புழுவைத் தண்ணீரில் கலந்து ஊற்றினால் ஈயின் புழுக்களுக்குள் புகுந்து கொல்லும். கலவையைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் தங்கிவிடும். நுண்ணிய வடிகட்டி இருந்தால் கழற்றிவிடுங்கள். பி.டி. (புழுக்களைக் கொல்லும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா) இஸ்ரேலென்சிஸ் வகைக்கும் இது கட்டுப்படும். வேரைப் பிடுங்கிப் பார்த்தால் வெள்ளைத் தூளோடு சிறு பூச்சிகள் தெரிகின்றனவா? அது நெல் வேர் அசுவினி. பூஞ்சண ஈயை விடப் பெரிய தலைவலி. இலை மேல் என்ன விட்டாலும் அதற்கு எட்டாது.

சாம்பல் நோய், மொட்டழுகல்?

பூச்சியை விடப் பூவைக் கெடுப்பது இவை இரண்டும்தான். பிரிட்டிஷ் கொலம்பியாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் ஸமீர் புஞ்சா என்ற நோயியல் பேராசிரியர் கஞ்சாவின் பூஞ்சண நோய்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்துவருகிறார். அறைக் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தாமல் எந்தத் தெளிப்பும் பலிக்காது. விளக்கு அணைந்ததும் அறை குளிரும், ஈரம் பூவில் படியும், தடித்த பூங்கொத்தின் நடுவில் மொட்டழுகலைத் தரும் போட்ரைடிஸ் பூஞ்சணம் பிடிக்கும். வெளியே ஒரே ஒரு சிற்றிலை மட்டும் வாடியிருக்கும், இழுத்தால் கையோடு வந்துவிடும், உள்ளே பழுப்பு. இரவில் ஈரப்பதம் இறக்கும் கருவியும், செடிகளுக்கிடையே காற்றோட்டமும், கீழ் இலைகளைக் கழித்துவிடுவதும்தான் மருந்து. சாம்பல் நோய்க்கு இலைப் பருவத்தில் பொட்டாசியம் பைகார்பனேட், பேசில்லஸ் வகைகள் உதவும்.

இங்கே ஓர் இழுபறி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பெர்சிமிலிஸுக்கு ஈரம் வேண்டும், பூஞ்சணத்துக்கும் ஈரம் வேண்டும். பூக்கும் அறையில் நான் பூஞ்சணத்துக்கு எதிராகவே முடிவெடுப்பேன். சிலந்திக் கணக்கை அதற்கு முன்பே, இலைப் பருவத்திலேயே தீர்த்துவிட வேண்டும்.

திறந்தவெளியில்?

புழு. சோளக் கதிரைத் துளைக்கும் ஹெலிகோவெர்ப்பா பூங்கொத்தையும் துளைக்கும். தமிழ்நாட்டுப் பருத்தி விவசாயிக்குத் தெரிந்த பச்சைக்காய்ப்புழுவுக்கு இது உறவு. புழு சிறிதாக இருக்கும்போதே பி.டி. குர்ஸ்டாகி தெளிக்க வேண்டும். அது போட்ட துளையில்தான் அழுகல் நுழைகிறது.

அறுவடைக்கு இரண்டு வாரம் இருக்கையில் செஞ்சிலந்தி கண்டால்?

தெளிக்காதீர்கள். அதிகம் பிடித்த கிளைகளை வெட்டி எடுங்கள், பக்கத்துச் செடிகளில் பெர்சிமிலிஸை நெருக்கமாக விடுங்கள், தாங்காத செடியை முன்கூட்டியே அறுத்துவிடுங்கள். மகசூல் குறையும். பரிசோதனையில் தோற்றால் மொத்தமும் போகும்.

ஓசூர்ப் பக்கம் ரோஜா, குடமிளகாய் போடுபவருக்கு இதில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

பூச்சிகள் ஏறக்குறைய அவையே: செஞ்சிலந்தி, இலைப்பேன், அசுவினி. பூச்சியைக் கண்டபின் மருந்தைத் தேடாமல், நட்ட அன்றே இரைவிழுங்கியைக் குடியேற்றும் அந்த வரிசையை எடுத்துக்கொள்ளலாம். நமக்கு இது புதிதும் அல்ல. 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தெரியவந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று வெள்ளையடித்துக்கொண்டே போனது. எந்த மருந்துக்கும் அசையவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற மிகச்சிறிய ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து விட்டார்கள், பூச்சி அடங்கியது. பெங்களூரில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனமும் நம் வேளாண் பல்கலைக்கழகமும் அந்த வேலையில் இருந்தன. பவேரியா, டிரைக்கோடெர்மா, டிரைக்கோகிரம்மா என்ற முட்டை ஒட்டுண்ணிக் குளவியின் அட்டை ஆகியவற்றுக்குப் பல்கலைக்கழகத்திலேயே கேட்கலாம்.

வாரத்துக்கு எத்தனை முறை பார்க்க வேண்டும்?

ஒருமுறையாவது, அதே ஆள், அதே பாதையில். மஞ்சள் ஒட்டுப்பொறியில் பறப்பவை மட்டும் சிக்கும். சிலந்திக்கு இறக்கை இல்லை, இலையைத் திருப்பித்தான் ஆக வேண்டும். வெப்பக்காற்று வரும் மூலை, கதவோரம், பழைய தாய்ச்செடி, இந்த மூன்றையும் தவறவிடாதீர்கள். எண்ணிக்கையை எழுதிவையுங்கள். போன வாரம் 3, இந்த வாரம் 11 என்றால் நல்ல சிலந்தி தோற்றுக்கொண்டிருக்கிறது.

அறுவடை முடிந்து அடுத்த நடவுக்கு முன்?

ஒரு இலைத் துண்டுகூட இல்லாமல் பெருக்கி, மேசை, குழாய், வடிகால் எல்லாவற்றையும் கழுவிக் கிருமிநீக்கம் செய்து, அறையைச் சில நாள் சூடாகவும் காலியாகவும் வைத்திருங்கள். சிலந்திக்குச் செடி இல்லாத அறை பிடிக்காது. குறுகிய பகலில் உறங்கப் போன செஞ்சிலந்திப் பெண்கள் சுவர் வெடிப்புகளிலும் கம்பி இடுக்குகளிலும் இருக்கும், அங்கே தண்ணீரை அழுத்தமாகப் பீய்ச்சுங்கள். முதல் பொட்டலங்களைப் புதுக் கன்றுகள் வரும் அன்றே வரும்படி ஆர்டர் கொடுத்துவையுங்கள். நல்ல பூச்சிகள் குளிர்பெட்டியில் நாள்கணக்கில் காத்திருக்க மாட்டா.